ஓக் மரம் தொடாத இளம் மால்பெக்: குமரி மாவட்ட வாசகர்களுக்கான கேள்வி பதில்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆள் இல்லாத தெரு குறைவு. லீவுக்கு வருபவர்களின் பெட்டியில் சிவப்பு ஒயின் வருவதும் புதிதல்ல. அதில் இப்போது மால்பெக் என்ற பெயர் கண்ணில் படுகிறது. ஓக் பீப்பாயில் வைக்காமல், இளசாக இருக்கும்போதே குடிக்கிற மால்பெக்கைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்தப் பக்கமும் அவர்களுக்குத்தான்.

மால்பெக் என்பது என்ன?

கருநீலத் தோல் உள்ள ஒரு திராட்சை வகை. சொந்த ஊர் பிரான்சின் தென்மேற்கு. அங்கே காஓர் என்ற ஊரைச் சுற்றி இன்றும் அதுதான் முக்கியமான பயிர். 1853இல் மிஷல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுவந்த கொடிகளில் மால்பெக்கும் இருந்தது. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் உள்ள மெண்டோசா மாகாணம் அதற்கு அப்படியே பொருந்திவிட்டது. இப்போது உலகத்து மால்பெக்கில் பெரும்பகுதி அர்ஜென்டினாவில்தான் விளைகிறது. ஏப்ரல் 17ஐ உலக மால்பெக் நாளாகவே கொண்டாடுகிறார்கள்.

ஓக் படாதது என்றால் சுவையில் என்ன மாறும்?

நிறைய மாறும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு.

சிவப்பு ஒயினைப் பல இடங்களில் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் வைப்பார்கள். பீப்பாய் செய்யும்போது உள்பக்கத்தைத் தீயில் வாட்டுவார்கள். அந்த மரத்திலிருந்து ஒயினுக்குள் பல மணங்கள் இறங்கும். முக்கியமானவை மூன்று. ஒன்று வனிலின், அதாவது வனிலா மணம். இரண்டாவது யூஜெனால்; கிராம்புக்கு மணம் கொடுப்பது இதே பொருள்தான். மூன்றாவது ஓக் லாக்டோன். தேங்காய் மணம் அடிக்கும், அமெரிக்க ஓக்கில் இது தூக்கலாக இருக்கும்.

கிராம்பும் தேங்காயும்! மாறாமலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கு 2008லேயே கிடைத்துவிட்டது. கிராம்பு காயப்போட்ட முற்றத்தில் நடந்தவர்களும், தேங்காய் திருவும்போது பக்கத்தில் நின்றவர்களும் இங்கே ஏராளம். கிளாஸிலிருந்து அந்த இரண்டும் லேசாக வந்தாலே பிடித்துவிடலாம். வந்தால் அந்த ஒயின் மரத்தில் இருந்திருக்கிறது, அல்லது ஓக் சீவலைத் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறார்கள். விலை குறைந்த ஒயின்களில் சீவல் போடுவது சாதாரணம்.

ஓக் தொடாத ஒயின் ஸ்டீல் தொட்டியிலோ சிமெண்ட் தொட்டியிலோ இருக்கும். இரண்டுமே தன் மணம் எதையும் ஒயினில் சேர்க்காது. மெண்டோசாவில் ஒயின் செய்யும் ஜுக்கார்டி குடும்பத்தார், அங்கே அல்தமீரா என்ற இடத்தில் விளைந்த மால்பெக்கை மரமே இல்லாமல் சிமெண்ட் தொட்டியில் வைத்துச் செய்கிறார்கள். அதன் பெயரே ‘கான்கிரெட்டோ’. பழத்தில் என்ன இருந்ததோ அதுதான் கிளாஸில் வரும். திராட்சை சுமாராக இருந்தால் மறைக்க மரம் கிடையாது. நல்ல பழம் இருந்தால்தான் இந்த ஒயின் தேறும். எனக்கு இதன் மீது இவ்வளவு மதிப்பு வந்ததும் அதனால்தான்.

கிளாஸில் ஊற்றியதும் எதைப் பார்க்க வேண்டும்?

நிறத்தை. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், உள்ளே ஒன்றும் தெரியாது. வாய் கொஞ்சம் குறுகிய கண்ணாடிக் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் ஒளி புகாத கருஞ்சிவப்பு. ஓரத்தில் ஞாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி பளிச்சென்ற ஊதா. அந்த ஊதா ஓரம்தான் இளம் மால்பெக்கின் அடையாளம். வயதாக ஆக ஊதா போய் செங்கல் நிறம் ஏறும். இளம் ஒயின் என்று வாங்கி வந்து ஓரம் பழுப்பாக இருந்தால், அது நாள்பட்டது, இல்லையென்றால் சூட்டில் கிடந்தது.

மூக்கில் என்ன வரும்?

வெளிநாட்டுக் குறிப்புகளில் பிளாக்பெர்ரி, பிளம், வயலட் பூ என்று போட்டிருக்கும். இதில் பிளம் நமக்குத் தெரியும்; கொடைக்கானல் பிளம் சீசனில் இங்கேயும் வருகிறது. நன்றாகப் பழுத்து, தோல் கறுத்து, கை வைத்தால் அமுங்கும் பிளம் ஒன்றைப் பிட்டு முகர்ந்து பாருங்கள். இளம் மால்பெக்கின் முதல் மணம் அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.

பிளாக்பெர்ரியைத் தின்று பார்க்காதவர் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வடசேரிச் சந்தையில் ஆனி, ஆடியில் குவித்து வைத்திருக்கும் ஞாவல்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கொஞ்சம் நசுங்கிச் சாறு கசிந்த பழம். அந்தக் கறுத்த பழ மணத்தில் பாதி இந்த ஒயினில் இருக்கிறது. மல்பெரி தின்றவர்களுக்கு இன்னும் சுலபம்.

ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சையை மூக்கருகே கொண்டுபோனாலே ஒரு பன்னீர் வாசனை தூக்கியடிக்குமே, அது மால்பெக்கில் வராது. பன்னீர் திராட்சை மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மணம் அந்தக் குடும்பத்துக்கே உரியது. ‘திராட்சை வாசனையே வரவில்லையே’ என்று பலர் ஏமாறுவது இதனால்தான். ஒயினுக்கான திராட்சைகளில் பெரும்பாலானவை ஒயினானபின் திராட்சையாக மணக்காது.

அடுத்தது பூ. தோவாளைச் சந்தையில் பிச்சி, முல்லை, மரிக்கொழுந்து, அரளி எல்லாம் கிடைக்கும். வயலட் அங்கே வருவதில்லை. அந்தப் பூவின் மணத்துக்குக் காரணம் அயோனோன் என்ற பொருள். நம் அனுபவத்தில் சொன்னால் பழைய முகப் பவுடர் டப்பாவைத் திறந்ததும் வரும் மெல்லிய இனிப்பு மணம். பிச்சியைப் போல ஆளைத் தூக்காது. ஒருமுறை வரும், அடுத்த முறை மோந்தால் காணாமல் போகும், கொஞ்சம் விட்டுத் திரும்ப வரும். அயோனோன் மூக்கைச் சீக்கிரம் சலிக்க வைத்துவிடும். போதாததற்கு, பீட்டா அயோனோனை மோப்பம் பிடிக்கும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மேசையில் அக்காவுக்குப் பூ மணக்கும், தம்பிக்கு ஒன்றும் வராது. இரண்டு பேரும் சொல்வது சரிதான், சண்டை வேண்டாம்.

வாயில் எப்படி இருக்கும்?

ஒரு மடக்கை உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் படவிட்டு, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருங்கள். முதலில் பழம். சர்க்கரை இல்லாமலே இனிப்பது போல ஒரு பிரமை வரும். பழுத்த மணமும் 13 முதல் 14.5 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்து கொடுப்பது அது.

அப்புறம் புளிப்பு, நாக்கின் இரு ஓரத்திலும். இந்தப் புளிப்பு நமக்கு அந்நியம் அல்ல. திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக். நாம் கறிக்குக் கரைக்கும் புளியின் அமிலமும் அதுவே. மால்பெக்கில் புளிப்பு நடுத்தரம்தான். ஆனால் மெண்டோசாவுக்குள்ளேயே ஊகோ பள்ளத்தாக்கு போன்ற உயரமான இடங்களில், 1000 மீட்டருக்கு மேலே, பகல் வெயிலும் ராத்திரிக் குளிரும் மாறி மாறி வருவதால் பழத்தில் அமிலம் குறையாமல் நிற்கும். அங்கிருந்து வரும் ஓக் படாத ஒயினைக் குடித்தால் வாய் ஊறும். அந்த ஊறல்தான் ‘ஃப்ரெஷ்’ என்று எல்லோரும் சொல்வது. கீழே சூடான நிலத்தில், நாள் தள்ளிப் பறித்த பழமென்றால் ஊறல் இருக்காது. ஜாம் மாதிரி கனத்து, கருப்பட்டி வாடை வரை போகும். எனக்கு அந்த ரகம் பிடிப்பதில்லை. இரண்டாவது கிளாஸுக்கு மனசு வராது.

கடைசியில் துவர்ப்பு. ஞாவலும் கொல்லாம்பழமும் தின்ற வாய்க்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் கொல்லாம்பழம் தொண்டையைப் பிடிக்கிற மாதிரி இது பிடிக்காது. மால்பெக்கின் துவர்ப்பு மிருது. பால் விடாத கட்டன்சாயாவை அதிகம் கொதிக்கவிடாமல் இறக்கினால் வருமே, அந்த அளவு. ஓக் பீப்பாயும் தன் பங்குக்குத் துவர்ப்பைச் சேர்க்கும். இங்கே அதுவும் இல்லை. முதல்முறை சிவப்பு ஒயின் சுவைக்கிற ஒருவருக்கு நான் இதைச் சொல்வதற்கு இந்த மிருதுவே போதுமான காரணம்.

கிறிஸ்மஸுக்கு வீட்டில் செய்ததைக் குடித்திருக்கிறேன், இனிப்பாக இருந்தது. இது ஏன் இனிக்கவில்லை?

நம் பக்கத்து கிறிஸ்மஸ் ஒயினில் திராட்சையோடு கிலோக்கணக்கில் சர்க்கரை, கிராம்பு, பட்டை, சில வீடுகளில் கோதுமையும் சேர்த்துப் பரணியில் போட்டு வைப்பார்கள். புளித்து முடிந்த பிறகும் சர்க்கரை மிச்சமிருக்கும். கேக்கோடு குடிக்க அது அருமை. மால்பெக்கில் வெளியிலிருந்து சர்க்கரை சேர்ப்பதில்லை, பழத்தில் இருந்த சர்க்கரை முழுக்க ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகிவிடும். இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டாம். கிறிஸ்மஸ் ஒயின் நினைப்பில் இதை எடுத்தால் முதல் மடக்கு புளிப்பாகவும் வெறுமையாகவும் தோன்றும். ஏதாவது தின்றுவிட்டு இரண்டாம் மடக்கைப் பாருங்கள், கணக்கு மாறும்.

நம்மூர்ச் சூட்டில் எப்படிக் குடிப்பது? சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்கிறார்களே?

அறை வெப்பத்தில் குடி என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளுக்குச் சொன்னது. நாகர்கோவிலில் அறை வெப்பம் 30 டிகிரி. அந்தச் சூட்டில் எந்த மால்பெக்கும் நன்றாக இருக்காது: ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழம் கஷாயமாகும், புளிப்பு செத்துப்போகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்: 14 முதல் 16 டிகிரி.

வெளியே இருந்த புட்டியை ஃப்ரிட்ஜில் சுமார் 2 மணி நேரம் வைத்தால் அந்தப் பக்குவம் வரும். அவசரமென்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி போட்டு, கழுத்துவரை முங்க 10 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட வைக்கலாம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரமாகும், தண்ணீர் வேண்டும். புட்டியைத் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், கை விறைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்ததென்றால் வெளியே எடுத்து 20 நிமிஷம் விடுங்கள்; ரொம்பக் குளிர்ந்தால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கிளாஸில் ஐஸ் கட்டி போட வேண்டாம்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், புட்டியைத் திரும்பக் குளிரில் வையுங்கள். நம் புழுக்கத்தில் கிளாஸ் நிறைய ஊற்றினால் பாதியில் சூடாகிவிடும்.

மீன் கறியோடு சேருமா?

சேராது என்றுதான் சொல்வேன். புளிமுளத்துக்கும் தேங்காய் அரைத்த மீன் கறிக்கும் பக்கத்தில் இதை வைத்தால் இரண்டும் கெடும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு, மீனின் கொழுப்போடு சேரும்போது ஒரு கவிச்சியும் உலோகச் சுவையும் வாயில் தங்கும். சாளை, அயிலை, சூரை மாதிரி எண்ணெய் உள்ள மீன் என்றால் இன்னும் மோசம். அப்புறம் புளி: கறியில் ஒயினைவிடப் புளிப்பு அதிகமாக இருந்தால் ஒயின் தண்ணியாகத் தெரியும். மூன்றாவது மிளகாய். காரமும் ஆல்கஹாலும் நாக்கில் ஒரே உணர்வியைத் தூண்டுகிறவை. சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும்.

நன்றாகச் சேர்வது மாட்டிறைச்சி. தேங்காயைப் பல் பல்லாகக் கீறிப் போட்டு, மிளகும் மல்லியும் முன்னே நிற்க, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை வறுத்த மாட்டிறைச்சியும், அவித்த மரச்சீனியும். கொழுப்பும் புரதமும் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். மரச்சீனி காரத்தைத் தணிக்கும். தேங்காய்ப் பல்லின் இனிப்புக்குப் பக்கத்தில் அந்தப் பிளம் மணம் இன்னும் பழமாகத் தெரியும். ஓக்கில் வைத்த ஒயின் என்றால் ஏற்கெனவே மசாலா இருக்கும் கறிமேல் இன்னொரு மசாலா ஏறியது போலாகும். நம் சாப்பாட்டில் மசாலாவுக்குக் குறைவில்லை. ஒயினிலிருந்து நமக்கு வேண்டியது பழமும் புளிப்பும்தான்.

இறைச்சி இல்லாத நாளில் உள்ளித் தீயலை முயன்று பாருங்கள், புளியைக் கொஞ்சம் குறைத்து. தேங்காயை நிறம் மாறும்வரை வறுத்து அரைப்பதால் வரும் அந்தக் கருகலுக்குச் சற்று முந்திய மணத்துக்கும் ஞாவல் மணத்துக்கும் நல்ல ஒட்டு உண்டு. சோற்றில் பிசைந்து வேண்டாம். ஆப்பத்தோடு நன்றாக இருக்கும்.

திறந்ததும் தீக்குச்சி வாடை, ரப்பர் வாடை வருகிறதே, கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. ஸ்டீல் தொட்டியில் காற்றுப் படாமல் இருந்த ஒயினில் கந்தகச் சேர்மங்கள் தங்கி, முதலில் அப்படி அடிக்கலாம். கிளாஸைச் சுழற்றுங்கள், அல்லது ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள், போய்விடும்.

நனைந்த செய்தித்தாள், பூஞ்சை பிடித்த அட்டைப்பெட்டி வாடை வேறு. அது தக்கையிலிருந்து வரும் கோளாறு. எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. திருகு மூடிப் புட்டியில் அது மிக அபூர்வம் என்பதால், நம் ஈரக்காற்று ஊருக்கு நான் திருகு மூடியையே விரும்புவேன். வேகவைத்த பழ வாடையும் பழுப்பு ஓரமும் சேர்ந்து வந்தால், புட்டி எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது.

அடியில் சிவப்புப் படிகம் இருக்கிறது. கண்ணாடித் தூளா?

இல்லை. டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிகமாகிறது. தீங்கில்லை. மெதுவாக ஊற்றி, கடைசிச் சொட்டுகளை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு காலம் வைக்கலாம்?

வைக்கவே வேண்டாம் என்பதுதான் நேரான பதில். ஓக் படாத இளம் மால்பெக் அறுவடையிலிருந்து 2, 3 வருஷத்துக்குள் குடிக்கச் செய்தது. புட்டிமேல் அறுவடை ஆண்டு இருக்கும். அர்ஜென்டினாவில் அறுவடை ஏறக்குறைய மார்ச், ஏப்ரலில். நம் வீட்டு அலமாரியில் ஒரு கோடை கிடந்தாலே பழ மணம் சோர்ந்துபோகும். வந்த புட்டியை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்துச் சீக்கிரம் திறந்துவிடுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு, அடுத்த வீடு பால்காய்ச்சுக்கு என்று பத்திரப்படுத்தினால் நஷ்டம் ஒயினுக்குத்தான். திறந்தது மிஞ்சினால் மூடி இறுக்கி ஃப்ரிட்ஜில் 2, 3 நாள். பூ மணம் முதல் நாளோடு போகும், பழம் கொஞ்சம் தாங்கும்.

லேபிளைப் பார்த்து ஓக் படாதது என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு. ஸ்பானிய மொழியில் ‘சின் மதேரா’ என்றிருந்தால் மரம் இல்லை. ‘ஹோவன்’ என்றால் இளசு. ‘ரோப்ளே’ என்றால் ஓக். ‘ரெசர்வா’, ‘கிரான் ரெசர்வா’ என்றாலும் பெரும்பாலும் மரம் பட்டிருக்கும். பின்பக்கத்தில் மாதக்கணக்கு போட்டு பீப்பாய் என்று எழுதியிருந்தால் சந்தேகமே இல்லை. விலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுங்க வரியில்லாமல் ஒருவர் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டுதான் அதற்குள் அடங்கும். திருவனந்தபுரத்தில் இறங்கி வந்தாலும் அதே விதிதான். பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

அதற்காகக் குடிக்க வேண்டாம். மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொன்னது. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குடியை விட்டவர்கள் தொடக் கூடாது. வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் கிளாஸை எடுக்காதீர்கள்.

சுவை மட்டும் பார்க்க விழுங்கவே தேவையில்லை. வாயில் வைத்துச் சுழற்றி ஒரு பாத்திரத்தில் துப்பலாம்; ஒயின் தொழிலில் இருப்பவர்கள் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நம் மாவட்டத்தில் மால்பெக் பயிரிட முடியுமா?

கொடி வளரும், நல்ல ஒயின் வராது. மால்பெக் கொடி குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்தி உறங்க வேண்டும். பழுக்கும்போது மழை கூடாது. மெண்டோசாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழைதான். ஆண்டிஸ் பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்காலில் பாய்ச்சித்தான் விவசாயம். நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. பூஞ்சை நோய் விடாது.

பிடித்துப்போனது. அடுத்து எதைச் சுவைக்கலாம்?

அதே மால்பெக்கை ஓக்கில் வைத்தது ஒன்றையும் வைக்காதது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள், முடிந்தால் ஒரே தயாரிப்பாளருடையது. ஒரு கிராம்பை நசுக்கித் தட்டில் வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி. அதன்பிறகு பிரான்சுக்குப் போகலாம். லுவார் ஆற்றங்கரையில் தூரேன் பகுதியில் இதே திராட்சையைக் ‘கோ’ என்ற பெயரில் வளர்க்கிறார்கள்; அங்கே குளிர் அதிகம் என்பதால் ஒயினில் புளிப்பு தூக்கலாகவும் வாயில் கனம் குறைவாகவும் இருக்கும். காஓர் ஒயினைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும் என்பது சட்டம்; துவர்ப்பு கெட்டி, இறைச்சி இல்லாமல் திறக்க வேண்டாம்.